ஒரு கட்டைவிரலை ஒட்டவைக்க எவ்வளவு ஆகும்?

டாக்டர் பீஸ் என்று பேச்செடுத்தால் வடசென்னையில் இரண்டு பெயர்கள் உடனே வந்து விழும். பழைய வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன், வியாசர்பாடி திருவேங்கடம். எழுபதுகளில் இரண்டு ரூபாயில் ஆரம்பித்து, கடைசிவரை அஞ்சு ரூபாய் டாக்டர்களாகவே இருந்தவர்கள். ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரிலும், திருவேங்கடம் 2020 ஆகஸ்டிலும் காலமானார்கள். காய்ச்சலுக்குப் பெரிய தொகை கேட்கும் கிளினிக்கிலிருந்து வெளியே வரும் எவரும் இன்றைக்கும் அவர்களை நினைத்து ஒரு பெருமூச்சு விடாமல் போவதில்லை.

ஆனால் அஞ்சு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கலாம், அஞ்சு ரூபாய்க்கு ஆபரேஷன் செய்ய முடியாது. மனசு இல்லாததால் அல்ல. வைத்தியம் பார்ப்பவர் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டெதஸ்கோப், தன் சொந்த நேரம் ஆகியவற்றோடு உட்கார்ந்திருக்கிறார். தன் நேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும், பீஸ் இறங்கிவிடும். ஆபரேஷன் தியேட்டரிலோ அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் தன் பீஸை முழுக்க விட்டுக்கொடுத்தாலும் பில்லில் பாதிகூட இறங்காது. மயக்க மருந்து டாக்டர், உதவி டாக்டர், நர்ஸ்கள், டெக்னீஷியன், நிற்காமல் ஓடும் ஏ.சி., கொதிநீராவியில் சுத்தம் செய்யப்பட்ட கருவிகள், ஒருமுறை பிரித்தால் தூக்கிப்போட வேண்டிய நூல் பாக்கெட்டுகள் என்று அந்த அறைக்குள் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு கரைகிறது.

அந்தக் காசை யார், எப்படி எண்ணுகிறார்கள் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. தெரியவரும் நேரம்தான் மோசமான நேரம்.

ராத்திரி ஒன்பது மணி, பிரஸ் மெஷின்

டி.எச்.ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறைச் சந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகள் வந்து எழுபது வருஷமாகிறது. அவற்றைச் சுற்றித் தகடு அடிப்பது, துளை போடுவது, கடைசல் பிடிப்பது என்று சின்னச் சின்ன யூனிட்டுகள் முளைத்தன. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின், துறைமுகத்தில் கன்டெய்னரைக் கட்டும் கம்பி, படகில் வலை இழுக்கும் வின்ச். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. கவனம் ஒரு நொடி தப்பினால் முதலில் கேட்பது விரலைத்தான்.

முப்பது வயதுக்காரர் ஒருவரின் வலது கட்டைவிரல் பிரஸ்ஸில் துண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்திலிருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அரைமணியில் வீட்டுக்காரி, மச்சான், பட்டறை மேஸ்திரி எல்லோரும் கவுன்டர் முன்னால் நிற்கிறார்கள்.

"எவ்ளோ சார் ஆவும்?" என்று மச்சான் கேட்கிறார்.

"ஒட்டணும்னா தனி, எடுத்துட்டுத் தையல் போடணும்னா தனிங்க. டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாரு. இப்ப அட்வான்ஸ் கட்டுங்க."

கவுன்டரில் இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது உண்மை. ஒரே காயத்துக்கு இரண்டு ஆபரேஷன்கள் இருக்கின்றன. இரண்டின் கணக்கும் வானத்துக்கும் பூமிக்கும்.

எடுத்துவிட்டுத் தைப்பது சின்ன வேலை. எலும்பு முனையைச் சீராக்கி, தோலை இழுத்து மூடினால் முக்கால் மணியில் முடிந்துவிடும். ஒட்டவைப்பது வேறு கதை. முதலில் எலும்பைக் கம்பியால் நிறுத்த வேண்டும். அடுத்து தசைநாண்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பின் கீழே, ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் ரத்தக் குழாயை, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். உள்ளே ரத்தம் கொண்டுபோகும் தமனி, வெளியே கொண்டுவரும் சிரை, கடைசியாக நரம்பு. ஒரு விரலுக்கே பல மணி நேரம் பிடிக்கும். நாலு விரல் என்றால் ராத்திரி ஆரம்பித்தது விடிந்தும் ஓடும். அதோடு முடிந்ததா? முதல் சில நாட்களுக்கு மணிக்கு ஒருமுறை விரலின் நிறம், சூடு பார்க்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் மறுபடியும் தியேட்டர். இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டாமல் போக வாய்ப்பு உண்டு.

இப்போது ஒரு மனக்கணக்கு. ஒரு தியேட்டரை நடத்த, டாக்டர்களின் பீஸ் இல்லாமல், மாதம் 12 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கட்டடம், கருவி, மின்சாரம், நர்ஸ் சம்பளம் எல்லாம் சேர்ந்து. மாதத்தில் 200 மணி நேரம் அங்கே ஆபரேஷன் நடந்தால் மணிக்கு 6,000 ரூபாய், அதாவது நிமிஷத்துக்கு 100 ரூபாய். முக்கால் மணி வேலைக்குத் தியேட்டர் செலவு 4,500. அஞ்சு மணி நேர வேலைக்கு 30,000. டாக்டர்களின் நேரத்தையும், விடியவிடியக் காவல் காக்கும் நர்ஸின் நேரத்தையும் இதே விகிதத்தில் கூட்டினால், எடுப்பதற்கும் ஒட்டுவதற்கும் உள்ள தூரம் புரியும்.

இதே கணக்கில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதே தியேட்டர் மாதத்தில் 100 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால், நிமிஷம் 200 ரூபாயாகிவிடும். கத்தியும் அதே, கையும் அதே. தியேட்டர் சும்மா கிடந்த நேரத்துக்கும் சேர்த்துப் படுத்திருப்பவர்தான் கட்டுகிறார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கண்புரை ஆபரேஷனின் செலவை இறக்கிக் காட்டிய ரகசியம் பெரும்பாலும் இதுதான். தியேட்டரைச் சும்மா விடாதே. ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருக்கட்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் 1992 முதல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரித்து, வெளிநாட்டு விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

நிமிஷத்தை எண்ணும் இந்த முறைக்கு இப்போது பெரிய படிப்பாளிகளின் முத்திரையும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் கப்லானும் மைக்கேல் போர்ட்டரும் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவமனைகளுக்குத் தங்கள் செலவு என்னவென்றே தெரியவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை யார் யார் எத்தனை நிமிஷம் அவருக்காகச் செலவிட்டார்கள் என்று எழுதுங்கள், ஒவ்வொருவரின் நிமிஷ விலையால் பெருக்குங்கள், அதுதான் உண்மைச் செலவு என்றார்கள். கேட்டால் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. பட்டறை மேஸ்திரி ஒரு ஜாப்புக்கு ரேட் போடுவதும் இப்படித்தான்.

ரூமை வைத்து வரும் வம்பு

ஆனால் தனியார் மருத்துவமனை பில் இப்படிப் போடப்படுவதில்லை. அங்கே பல இடங்களில் கணக்கு சர்ஜன் பீஸிலிருந்து கிளம்புகிறது. மயக்க டாக்டருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போல, உதவி டாக்டருக்கு இத்தனை சதவீதம், சில இடங்களில் தியேட்டர் வாடகையும் அதில் ஒரு சதவீதம் என்று ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறி உட்காரும். சர்ஜன் பீஸ் எதை வைத்து நிர்ணயமாகிறது? ஆபரேஷனின் கஷ்டத்தை வைத்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி, நோயாளி எந்த ரூமில் படுக்கிறார் என்பதை வைத்து.

ஜெனரல் வார்டு, இரண்டு பேர் ரூம், தனி ரூம், டீலக்ஸ் என்று ஏற ஏற, அதே டாக்டர், அதே தியேட்டர், அதே நூலுக்கு ரேட்டும் ஏறுகிறது. இதில் மருத்துவ நியாயம் எதுவும் இல்லை. வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கி வசதியில்லாதவருக்குக் குறைத்துக்கொள்கிறோம் என்று மருத்துவமனைகள் ஒரு காரணம் சொல்லும். அது உண்மையாக இருக்கும் இடங்களும் உண்டு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு "ஜெனரல் வார்டு ஃபுல், ஷேரிங்தான் இருக்கு" என்று சொல்லப்பட்டுத் தலையாட்டிய குடும்பத்துக்கு, தாங்கள் வசதியுள்ளவர்கள் ஆகிவிட்டது பில் வரும்வரை தெரியாது.

இன்ஷூரன்ஸ் இருந்தால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று லட்ச ரூபாய் பாலிசி. ரூம் வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. கிடைத்த ரூம் 6,000. கூடுதல் மூவாயிரத்தைக் கையிலிருந்து கட்டிவிடலாம், அஞ்சு நாளைக்குப் பதினைந்தாயிரம்தானே என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. அப்படி இல்லை. 3,000 என்பது 6,000-ல் பாதி. எனவே ரூமோடு சேர்ந்து ஏறியிருக்கும் சர்ஜன் பீஸ், மயக்க டாக்டர் பீஸ், தியேட்டர் வாடகை எல்லாவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி தரும். அவை ஒரு லட்சம் என்றால் ஐம்பதாயிரம் போச்சு. ரூமில் பதினைந்தாயிரம் போச்சு. மொத்தம் 65,000 கைக்காசு. இது போதாதென்று, நாளைக்கு 5,000-க்கு மேல் போகும் ரூமுக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

ஒரு ஆறுதல். மருந்து, இம்பிளான்ட், ஸ்கேன், லேப் டெஸ்ட் இவற்றில் இந்த விகித வெட்டு போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் விதியைத் தெளிவாக்கியது. ஐ.சி.யு. கட்டணத்திலும் போடக்கூடாது. ரூமுக்கு ஏற்ப ரேட்டை மாற்றாத மருத்துவமனைகளில் விகித வெட்டே கிடையாது. இதைத் தெரியாமல் வெட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். கிளெய்ம் கடிதத்தை வாங்கி, எந்த வரியில் எவ்வளவு வெட்டினார்கள் என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே ஆணையத்தின் பட்டியல் ஒன்று சுவாரஸ்யமானது. பஞ்சு, காஸ் துணி, சர்ஜிக்கல் பிளேடு, ஷேவிங் ரேஸர், மைக்ரோஸ்கோப் உறை, தியேட்டர் முன்பதிவுக் கட்டணம், மயக்க மருந்து கொடுக்கும் பாயில்ஸ் எந்திரத்துக்கான கட்டணம் என்று இருபதுக்கு மேற்பட்ட ஐட்டங்கள். இவையெல்லாம் ஆபரேஷன் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியவை, தனியாக எழுதக்கூடாது என்கிறது அது. பஞ்சு இல்லாமல் ஆபரேஷன் உண்டா? ஆனாலும் தனி வரியாக எழுதப்பட்ட காலம் இருந்ததால்தான் இப்படி ஒரு பட்டியலே தேவைப்பட்டிருக்கிறது.

பொருட்களின் விலை தனி அத்தியாயம். மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-ல் டெல்லி வட்டாரத்தின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம்வரை போயிருந்தது. ஊசி சிரிஞ்சும் கையுறையும் சேர்த்துத்தான். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை, சட்டப்படி தப்பில்லை. அந்த அதிகபட்ச விலையை அச்சடிக்கும்போதே மருத்துவமனைக்குச் சாதகமாக அச்சடித்துவிட்டால்? அங்கேதான் சூட்சுமம். அதற்கு முந்தைய வருஷம் இதய ஸ்டென்டுக்கும் மூட்டு இம்பிளான்டுக்கும் அரசு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற முழங்கால் இம்பிளான்ட் ஒன்று 54,720-க்கு வந்தது. ஒரு வரியில் குறைத்த தொகை வேறொரு வரியில் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஆள் யாரும் நியமிக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியின் கணக்கு

நம் பிரஸ் ஆபரேட்டரின் குடும்பம் அட்வான்ஸ் கட்ட முடியாமல், அல்லது யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லி, பழைய ஜெயில் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினால் அவர்களுக்கு நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்த இடம். அங்கே 1971-ல் டாக்டர் ஆர்.வெங்கடசாமி கைக்காகவே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். (மதுரைக் கண் டாக்டர் வேறு, இவர் வேறு.) உலகத்தில் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப் வைத்து முதன்முதலாக ஒட்டியதே 1965-ல்தான், ஜப்பானின் நாராவில். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஷாங்காயில் சென் சோங்வெய் ஒரு தொழிலாளியின் துண்டான கையை ஒட்டியிருந்தார். ஆலைத் தொழிலாளர்களின் ஊர்களில்தான் இந்த வித்தை தேவைப்பட்டது. நம்மூரில் அது துறைமுகத்துக்கும் பட்டறைகளுக்கும் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் வேர் பிடித்தது தற்செயல் இல்லை. இன்று அது கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையம். 2018 பிப்ரவரியில், இரண்டு கைகளையும் இழந்த திண்டுக்கல்காரர் ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தியதும் இங்கேதான்.

இங்கே குடும்பத்திடம் பில் கிடையாது. ஆனால் செலவு இருக்கிறது. நிமிஷங்கள் இங்கேயும் ஓடுகின்றன, நூல் இங்கேயும் விலைக்குத்தான் வருகிறது. "இலவச ஆஸ்பத்திரியில எதுக்கு இன்ஷூரன்ஸ் கார்டு கேக்குறாங்க?" என்று பல பேர் முணுமுணுப்பார்கள். காரணம் இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியதில், அரசு மருத்துவமனைகளும் கிளெய்ம் போடலாம். அந்தப் பணம் மருத்துவமனைக்குக் கருவியாகவும் பொருளாகவும் திரும்பி வரும். கார்டைக் கொடுப்பதால் நோயாளிக்கு நஷ்டமில்லை, வார்டுக்கு லாபம்.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்கூட்டியே ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். தொகுப்புக் கட்டணம், பேச்சுவழக்கில் பேக்கேஜ். எத்தனை நாள் படுத்தாலும், எத்தனை பாக்கெட் நூல் பிரித்தாலும் தொகை மாறாது. ஒரே நாளில் இரண்டு ஆபரேஷன் என்றால், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் விதிப்படி பெரியதற்கு முழுத்தொகை, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால். தியேட்டர், மயக்கம், படுக்கை எல்லாம் ஒரே தடவைதானே என்ற நியாயம். முன்கூட்டியே விலை பேசும் இந்த ஏற்பாட்டை 1983-ல் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர்.

பேக்கேஜின் நன்மை, குடும்பத்துக்குத் திகைப்பு இல்லை. அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அது ஒரு சராசரி. குடலிறக்கம், கண்புரை மாதிரி ஏறக்குறைய ஒரே அளவு நேரம் எடுக்கும் ஆபரேஷனுக்குச் சராசரி சரிப்படும். விரல் ஒட்டும் ஆபரேஷனுக்கு எது சராசரி? ஒரு ஆளுக்கு நாலு மணி, இன்னொரு ஆளுக்குப் பன்னிரண்டு மணி, மூன்றாவது ஆளுக்கு மறுநாளும் தியேட்டர். சண்டிகர் அரசு மருத்துவக் கல்வி நிலையத்தின் ஆய்வாளர்கள் பல மாநில மருத்துவமனைகளில் உட்கார்ந்து நிமிஷமும் பொருளும் எண்ணிப் பார்த்தபோது, நிறைய ஆபரேஷன்களுக்கு அரசு வைத்த தொகை உண்மைச் செலவைவிடக் குறைவு என்று தெரியவந்து, ரேட்டுகள் பிறகு திருத்தப்பட்டன. தொகை குறைவாக இருந்தால் தனியார் மருத்துவமனை என்ன செய்யும்? "அந்த ஆபரேஷன் நாங்க ஸ்கீம்ல பண்றதில்லை" என்று சொல்லும். நேரம் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாத, கஷ்டமான வேலைகள் கடைசியில் ஸ்டான்லியின் வாசலுக்கே வந்து சேர்கின்றன.

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த ரேட் விவகாரத்தில் மத்திய அரசைக் கொஞ்சம் உலுக்கியது. மனுதாரர் காட்டிய உதாரணம் கண்புரை. அரசு ஏற்பாட்டில் ஒரு கண்ணுக்கு 10,000 ரூபாய்வரை ஆகும் அதே ஆபரேஷனுக்குத் தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை. நிலையான கட்டணத்தை நிர்ணயிக்காவிட்டால் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் ரேட்டையே இடைக்காலத்துக்கு அமல்படுத்திவிடுவோம் என்று நீதிபதிகள் எச்சரித்தார்கள். தனியார் மருத்துவமனைச் சங்கங்கள் எதிர்ப்புக் குரல் கொடுத்தன. டெல்லியின் ஏழு நட்சத்திர மருத்துவமனைக்கும் தண்டையார்பேட்டையின் பத்துப் படுக்கை நர்ஸிங் ஹோமுக்கும் ஒரே ரேட் எப்படி என்று அவர்கள் கேட்டதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

பில்லில் எழுதப்படாத வரி

மறுபடி கட்டைவிரலுக்கு வருவோம். எடுத்துவிட்டுத் தைத்தால் சில ஆயிரம், ஒட்டினால் பல மடங்கு. கவுன்டரில் நிற்கும் குடும்பத்துக்கு இது மட்டும்தான் தெரிகிறது. "ஒரு விரல்தானே, எடுத்துடலாம்" என்று மேஸ்திரி சொல்லலாம். பில்லை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி.

பில்லில் இல்லாத கணக்கை நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு சட்டம் எழுதிவைத்தது. 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். (அந்தக் கணக்கு முறை இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கும் வந்திருக்கிறது.) உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எது போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போகும் என்று ஒரு அட்டவணை. சுண்டுவிரல் முழுதாகப் போனால் 7. ஆள்காட்டி விரல் 14. கட்டைவிரல் 30. நாலு விரலும் போனால் 50. கட்டைவிரல் இல்லாமல் எதையும் பிடிக்க முடியாது என்பதால்தான் அதற்கு இந்த மரியாதை.

முப்பது வயது, கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சமான 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதில் 30 சதவீதம் 5,61,546. ஒரு கட்டைவிரலுக்குச் சட்டமே போட்ட விலை இது. இதன் எதிரில் வைத்துப் பார்த்தால், அஞ்சு மணி நேரத் தியேட்டர் செலவு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

எல்லா விரலையும் ஒட்டத்தான் வேண்டும் என்றும் இல்லை. நசுங்கிக் கூழான விரலை ஒட்ட முடியாது. ஆள்காட்டி விரல் மட்டும் அடியோடு போயிருந்தால், ஒட்டி விறைத்துப்போன விரல் வேலைக்கு இடைஞ்சலாகவே இருக்கும் என்று அனுபவமுள்ள டாக்டர்களே வேண்டாம் என்பார்கள். கட்டைவிரல், பல விரல்கள் ஒன்றாகப் போனது, குழந்தையின் விரல் என்றால் முடிந்தவரை முயற்சி செய்வார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் கை பார்க்கும் டாக்டர், கவுன்டர் இல்லை.

விரல் டாக்டர் கையில் போய்ச் சேரும் நிலைமையும் முக்கியம். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது, தண்ணீரில் ஊறக்கூடாது. காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே துண்டை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்து உறையவைத்துவிடும் ஆபத்தும் அங்கே கூடுதல்.

பணத்துக்கான வழி, வேலை இடத்தைப் பொறுத்தது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வடசென்னைக்குப் பக்கம்தான். வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகை வரும். இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறை என்றால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. அதோடு, 2009 திருத்தத்துக்குப் பிறகு சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் முதலாளிதான் தர வேண்டும். "மனிதாபிமானத்துல பத்தாயிரம் தர்றேன்" என்பது சட்டத்தில் இல்லாத வரி. சாலை விபத்தாக இருந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. இவை எதிலும் வராமல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீடு. ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் கார்டு எடுக்கலாம். விவரம் கேட்க 1800 425 3993.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஒரு காகிதம். அடிபட்டு வந்தவரை முதன்முதலாகப் பார்க்கும் டாக்டர், அரசு மருத்துவமனையோ தனியாரோ, விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, போலீஸ் கேஸாகிவிடுமோ, முதலாளிக்குக் கோபம் வருமோ என்று பயந்து "வீட்டுல கதவிடுக்குல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவைப்பவர்கள் உண்டு. பட்டறையிலிருந்து கூட வந்தவரே அப்படிச் சொல்லச் சொல்வதும் உண்டு. அந்த ஒரு வாக்கியம் பதிவாகிவிட்டால், இ.எஸ்.ஐ.யோ இழப்பீடோ கேட்கும்போது முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். எந்த மெஷின், எத்தனை மணி, எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு வரை என்று நடந்ததை நடந்தபடி எழுதவைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியோடும் வரி வரியாகப் பிரித்த பில்லோடும் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பீஸ் கிடையாது.